ஜுரம் கண்ட முயல்கள்

தொட்டியின் மூடியைத் திறந்ததும் வியாகுலம்மாளுக்கு முதலில் வந்தது வாடைதான். மழையில் நனைந்து மூலையில் மக்கிய சாக்கின் வாடை. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் தொட்டியின் உட்சுவரில் கை வைத்தபோது விரல் வழுக்கியது. நகத்தால் சுரண்டினாள். மூக்குச்சளி போல ஒரு படலம் உரிந்து, நூலாக நீண்டு தொங்கியது. அடியில், குழாய் வாய்க்குப் பக்கத்தில், ஒரு பல்லி வெளுத்து ஊதிக் கிடந்தது. வால் மட்டும் கழன்று கொஞ்சம் தள்ளிக் கிடந்தது.

இரண்டு நாளைக்கு முன்னால் அந்தத் தண்ணீரில் தயாரித்த குளுக்கோஸ் பாட்டில்கள், பக்கத்துக் கிடங்கில் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாக அடுக்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களின் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறப்போகிற பாட்டில்கள்.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினாள். வழவழப்பு போன பிறகும் விரல் நுனியில் அது இருப்பதுபோலவே இருந்தது.

1964ஆம் வருஷத்துச் சித்திரை மாதம் அது. உறையூரில், உய்யக்கொண்டான் வாய்க்காலை ஒட்டி, தர்மராஜ் நடத்திவந்த ஊசிமருந்துக் கம்பெனியில் வியாகுலம்மாள் சூப்பர்வைசர். கம்பெனி அதற்கு முன் சோடா ஃபேக்டரியாக இருந்தது. ஒரு காலரா வருஷத்தில் ஆஸ்பத்திரிகள் குளுக்கோஸ் பாட்டிலுக்கு அலைவதைப் பார்த்த தர்மராஜ், பாட்டில் கழுவுவதும் மூடி போடுவதும் தனக்குத் தெரிந்த வேலைதானே என்று இந்தத் தொழிலுக்கு மாறிவிட்டார். மெட்ராசிலிருந்து தண்ணீர் காய்ச்சி வடிக்கும் மிஷின் ஒன்றும், பாட்டில்களை நீராவியில் வேகவைக்கும் பழைய ஆட்டோகிளேவ் ஒன்றும் வாங்கிப்போட்டார். ஆஸ்பத்திரி நடைமுறை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று வியாகுலம்மாளைத் தேடி வந்து வேலைக்கு வைத்தார்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸாகப் பன்னிரண்டு வருஷம் இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாலக்கரையில் தங்கை வீட்டில் இருந்தாள். கம்பெனியில் கண்ணாடித் தடுப்பு போட்ட அறையில் மருந்து நிரப்புவது, மூடுவது, வெளிச்சத்தில் பார்த்துச் சோதிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அவளுக்குக் கீழே பதினொரு பெண்கள். எல்லாரும் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, பவுடர் போடக்கூடாது, மருந்து நிரப்பும்போது வாயைத் திறந்து பேசக்கூடாது என்று முதல் மாதம் முழுக்கக் கத்தினாள். பிறகு கத்த வேண்டியிருக்கவில்லை.

வடித்த தண்ணீரை அன்றன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும், மிச்சத்தைச் சாயந்திரம் திறந்துவிட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அண்ணன் பேத்தி ஞானஸ்நானத்துக்காக மணப்பாறைக்குப் போன ஐந்து நாளில் அந்தச் சட்டம் காற்றில் போயிருந்தது.

தர்மராஜ் ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, பாட்டில் மூடியிலிருந்து கிழித்த அலுமினியத் துண்டால் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டரம்மா. மணப்பாறை போயிட்டு முறுக்கு இல்லாம வந்திருக்கீங்களே?"

"செவ்வாய்க்கிழமை போட்ட பாட்டிலுக்கு எந்தத் தண்ணி எடுத்தீங்க முதலாளி?"

"நம்ம டிஸ்டில்டு தண்ணிதான்."

"என்னைக்குப் பிடிச்சது?"

"நீங்க ஊருக்குப் போன சனிக்கிழமை பிடிச்சது. அன்னிக்கு மத்தியானமே மிஷின்ல சூடேத்துற காயில் போயிடுச்சு. தொட்டி நிறையத் தண்ணி இருக்கு, அதைக் கீழ ஊத்தச் சொல்றீங்களா? வாய்க்கால்ல சொட்டு இல்லை, கிணறு சேறாக் கிடக்கு."

"உள்ள பல்லி செத்து ஊதிக் கிடக்கு. சுவரெல்லாம் பாசி."

அவர் பல் குத்துவதை நிறுத்தாமல் சிரித்தார். "பல்லிதானே? பாட்டிலைத்தான் ஆட்டோகிளேவ்ல போட்டு எடுத்தாச்சே. அந்தச் சூட்டுல முதலையே வெந்துடும்."

வியாகுலம்மாள் பொறுமையாகச் சொன்னாள். இதே விஷயத்தை அவருக்கு அவள் சொல்வது நாலாவது தடவை. "கிருமி செத்துடும் முதலாளி. செத்த கிருமியோட விஷம் சாகாது. எத்தனை மணி நேரம் வேகவச்சாலும் அது தண்ணியிலேயேதான் நிக்கும். நரம்புல ஏத்தினா ஒரு மணி நேரத்துக்குள்ள உடம்பு தூக்கிப் போடும். குளிர் ஜுரம். நோயாளி பலவீனமா இருந்தா தாங்காது."

"அது கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாட்டில் பளிங்கு மாதிரிதான் இருக்கும்."

"அப்புறம் என்ன?" என்றார் தர்மராஜ்.

அவர் கெட்ட மனிதர் என்று அதுவரை அவள் நினைத்ததில்லை. தீபாவளிக்குப் பதினொரு பெண்களுக்கும் அவரே நிறம் பார்த்துப் புடவை எடுத்துவருவார். பாட்டில் கழுவும் வீராயியின் புருஷன் செத்தபோது சுடுகாடு வரை நடந்து வந்தார். அந்த மனிதர் அந்த இரண்டு வார்த்தையை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதைக் கேட்டு அவளுக்குக் குமட்டியது.

"முயல்ல போட்டுப் பார்ப்போம். அது சொல்லிடும்" என்றாள்.

"தாராளமாப் பாருங்க."

கம்பெனியின் பின்பக்கம் ஓட்டுக் கொட்டகையில் எட்டு முயல்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள மருதை என்று ஒரு ஆள். திருவெள்ளறையிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். ஒவ்வொரு தடவை பாட்டில் போடும்போதும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மூன்று முயல்களின் காது நரம்பில் ஏற்றி, மூன்று மணி நேரம் ஜுரம் பார்த்து, எண்களைத் தாளில் எழுதிக் கொண்டுவருவது அவர் வேலை. தாளைப் பார்த்து வியாகுலம்மாள் கையெழுத்துப் போடுவாள். அதன் பிறகுதான் பெட்டி வெளியே போகும்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளே கொட்டகைக்குப் போய் நின்றாள். மருதை ஊசியை வைத்துக்கொண்டு தடுமாறினார். முயலின் காதில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார். ரத்தம் வெள்ளை மயிரில் பொட்டுப் பொட்டாக நின்றது.

"என்ன மருதை, இன்னிக்குப் புதுசா ஊசி போடுற மாதிரி?"

"கை நடுங்குது சிஸ்டர்" என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஊசியை வாங்கி அவளே போட்டாள். ஒரு மணி நேரத்தில் முதல் முயலின் காது விரல் பட்டால் சுட்டது. நரம்புகள் சிவந்து புடைத்துத் தெரிந்தன. பிறகு மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. கொட்டகைக்கு வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அவை மார்கழிக் குளிரில் மாட்டியவைபோல உதறின. அறுகம்புல்லை முன்னால் போட்டால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நூற்றி இரண்டு டிகிரியில் இருந்த உடம்பு நூற்றி நாலரைக்கு ஏறியது. மூன்றுக்கும் அதே கதை.

தாளில் எண்களை எழுதி, கீழே 'தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தர்மராஜின் மேஜையில் வைத்தாள்.

அவர் படித்தார். கோபப்படவில்லை. "ஒரு தடவையில முடிவு பண்ணிடலாமா? மறுபடி பார்க்கிறதுக்கு விதி இருக்குல்ல?"

"இருக்கு. மீதி அஞ்சு முயல் இருக்கு. திங்கக்கிழமை அதுல பார்த்துடறேன்."

"அப்படியே செய்யுங்க. ஞாயித்துக்கிழமை தோப்புக்கு வந்துடுங்க, மறந்துடாதீங்க. மதுரைக்காரர் வர்றார்."

மதுரைக்காரர் என்றது கோபாலரத்தினத்தை. தெற்கே பல ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து சப்ளை செய்தவர். கம்பெனியின் பாட்டில்களில் பாதிக்கு மேல் அவர் மூலமாகத்தான் போயின. தர்மராஜுக்கு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையில், ஒரு தென்னந்தோப்பு உண்டு. மதுரைக்காரர் வரும்போதெல்லாம் அங்கே விருந்து நடக்கும். சூப்பர்வைசர்களும் போக வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து வியாகுலம்மாள் டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனாள். பாலத்தின் கீழே காவேரி வெறும் மணலாகக் கிடந்தது. தோப்புக்குள் நுழைந்ததும் மசாலா வாசனை ஆளைத் தூக்கியது. காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காக ஒன்றும் சாப்பிடாமல் இருந்தவளுக்கு நல்ல பசி. பெரிய அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.

வாழையிலை போட்டு, தர்மராஜே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பரிமாறினார். "பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டி. எப்படி வெந்திருக்கு பாருங்க."

கறி பஞ்சாக இருந்தது. மிளகும் சோம்பும் தூக்கலாக, நாக்கில் காரம் ஏறி மூக்கில் நீர் வந்தது. எலும்பு மட்டும் மெல்லியதாக, பல்லில் பட்டதும் பட்டென்று உடைந்தது. சின்னக் குட்டி என்று நினைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை கறி கொண்டுவந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபாலரத்தினம் எலும்பை உறிஞ்சி இலையோரத்தில் குவித்துவைத்தார். பேக்கிங் பகுதி காஜா மைதீன் உட்பட எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் இலை எடுத்துப்போட வரும் மருதை மட்டும் அன்று வரவில்லை.

திங்கட்கிழமை காலை கொட்டகைக்குப் போனாள். எட்டுக் கூண்டும் திறந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை போட்ட அறுகம்புல் ஒரு கூண்டில் அப்படியே காய்ந்திருந்தது. மருதை மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"முயல் எங்க மருதை?"

அவர் தரையில் சிந்திக் கிடந்த புல்லைப் பொறுக்கினார்.

"எங்கன்னு கேட்கிறேன்ல?"

"நீங்க நேத்து தோப்புக்குப் போயிருந்தீங்களே சிஸ்டர்" என்றார் மருதை.

ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். கொட்டகை வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி வந்துவிட்டது. காலையில் குடித்த காப்பி மட்டும்தான் வந்தது. கறி உடம்போடு கலந்து ஒரு நாளாகிவிட்டது. அது வெளியே வராது என்பது தெரிந்தும் விரலைத் தொண்டைக்குள் விட்டாள். அவளே ஊசி போட்ட காதுகள், சுட்டுக் கிடந்த உடம்பு, உதறல் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. ருசியாக இருந்தது என்பதை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை.

மருதை செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நின்றார்.

"சனிக்கிழமை சாயந்திரம் சாக்கோட ஆள் அனுப்பிட்டார். ஜுரம் வந்ததையும் சேர்த்தே கொண்டுபோயிட்டாங்க. நான் என்ன சொல்ல முடியும்?" செம்பை அவளிடம் நீட்டினார். "இன்னொண்ணும் சொல்லிடறேன் சிஸ்டர். மாசியிலேர்ந்து நான் முயலுக்கு ஊசியே போடலை. மருந்தும் மிச்சம், நேரமும் மிச்சம்னு முதலாளி சொல்லிட்டார். அவர் சொல்ற நம்பரைத் தாள்ல எழுதி உங்ககிட்டக் கொண்டாந்தேன். வெள்ளிக்கிழமை கை நடுங்கினது அதனாலதான். பழக்கம் விட்டுப்போச்சு."

வியாகுலம்மாள் செம்பை வாங்கினாள். குடிக்கவில்லை.

போன மாதம், பங்குனியில் ஒரு ஞாயிறு, மாதா கோயில் வாசலில், பழைய சிநேகிதி ஒருத்தி அவளைப் பிடித்துக்கொண்டாள். பிரசவ வார்டில் நர்ஸ் அவள். "உங்க கம்பெனி பாட்டில் ஏத்தின ஒரு பொண்ணுக்குக் குளிர் வந்து கட்டிலே ஆடுச்சுடி" என்றாள். வியாகுலம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க பாட்டில் முயல்ல தேறினப்புறம்தான் வெளிய போகும். நீங்க ஊசியை ஒழுங்கா வேகவைக்கிறீங்களான்னு முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தப் பெண் பிழைத்தாளா என்று கேட்கக்கூட இல்லை.

இப்போது அந்தக் கட்டில் ஆடுவது தெரிந்தது. அந்தப் பாட்டிலின் தாளில் இருந்தது அவள் கையெழுத்து. தர்மராஜ் மேல் வந்த அருவருப்பு அப்படியே திரும்பி அவள் மேலேயே படிந்தது.

ஆபீஸ் அறையில் தர்மராஜ் அவளுக்காகவே காத்திருந்ததுபோல ஒரு தாளை எடுத்து நீட்டினார். மறுசோதனைத் தாள். ஐந்து முயல்களின் ஜுரக் கணக்கு அழகாக எழுதியிருந்தது. ஒன்றுக்கும் ஜுரம் ஏறவில்லை.

"இந்த அஞ்சு முயலும் இப்ப எங்க முதலாளி?"

"உங்களுக்குத்தான் தெரியுமே." அவர் சிரித்தார். "ஜுரம் வந்த முயலை வச்சுக்கிட்டு என்ன பண்றது? இனிமே சோதனைக்கும் ஆகாது. குழம்புக்காவது ஆச்சு. நீங்களே ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"வேண்டாம்மா. உங்க மனசு சங்கடப்பட வேண்டாம். காஜா மைதீனைப் போடச் சொல்றேன். லாரி நாளைக்குக் காலையில வருது." பிறகு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "முகமெல்லாம் வெளுத்திருக்கே, உடம்பு சரியில்லையா? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்களேன்."

அந்த அக்கறைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

பெண்கள் உடை மாற்றும் அறையில் பதினொரு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். தொட்டியைப் பற்றிச் சொன்னாள், முயலைப் பற்றிச் சொன்னாள், தன் கையெழுத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். அழகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அண்ணி ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தாள்.

"என்ன பண்ணப்போறீங்க சிஸ்டர்?" என்று கேட்டாள் ஆபிதா. கறுப்புப் பலகைக்கு முன்னால் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, தூசி தும்பு இருந்தால் ஒதுக்குகிறவள் அவள். தலைமயிரில் பாதி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"மூடியைப் பிரிச்சுட்டா அதை விக்க முடியாது. சாப்பாட்டு நேரத்துல கிடங்குக்குப் போய் எல்லாத்தையும் பிரிச்சுப் போடப்போறேன். உங்களை வான்னு கூப்பிடலை. நீங்க எப்பவும்போல வேப்பமரத்தடியில போய்ச் சாப்பிடுங்க. யாராவது கேட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க."

வீராயி எல்லாரையும்விட மூத்தவள். கழுவும் தொட்டியில் கை ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனவள். அவளுக்குக் கோபம் பொங்கியது.

"உங்களுக்கு நல்லாச் சொல்ல வரும் சிஸ்டர். நர்ஸ் படிச்சிருக்கீங்க, நாளைக்கே இன்னொரு ஆஸ்பத்திரி கூப்பிடும். கம்பெனியை மூடிட்டா நாங்க எங்க போறது? மூணு வருஷமா நாங்க கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினது எதுக்கு? தொட்டியில பல்லி ஊறுதுன்னு இப்ப வந்து சொல்றீங்க. நீங்கதானே பெரிய அதிகாரி? நீங்கதானே பார்த்திருக்கணும்?"

"ஆமாக்கா. நான்தான் பார்த்திருக்கணும்" என்றாள் வியாகுலம்மாள்.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. தர்மராஜ் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினார். வியாகுலம்மாள் கிடங்குக்குள் போனாள். நானூற்றுச் சொச்சம் பாட்டில். இடுக்கியால் அலுமினிய மூடியை நெம்பிக் கிழித்து, ரப்பர் அடைப்பானை இழுத்தெடுத்தாள். முதல் பெட்டி முடிவதற்குள் கட்டைவிரலில் அலுமினியம் கீறி ரத்தம் வந்தது. கிடங்கில் காற்றே இல்லை. ரப்பர் வாடை மூக்கில் ஏறியது, ரத்தப் பிசுபிசுப்பில் இடுக்கி வழுக்கியது. பாட்டிலுக்குள் தண்ணீர் அவ்வளவு சுத்தமாக, பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்புதான் கூடியது. அழுக்காக இருந்திருந்தால்கூட இவ்வளவு குமட்டாது என்று தோன்றியது.

இரண்டாவது பெட்டியைத் திறந்தபோது ஆபிதா இன்னொரு இடுக்கியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பின்னாலேயே அழகம்மாள்.

கால் மணி கழித்து வாசலில் நிழல் விழுந்தது. காஜா மைதீன். பேக்கிங் பகுதிக்கு அவர்தான் ஃபோர்மேன். கிடங்குச் சாவி அவரிடம்தான் இருக்கும். திறந்து கிடந்த பாட்டில்களைப் பார்த்தார்.

"யா அல்லா! என்ன சிஸ்டர் இது? அந்தத் தாள்ல இப்பத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்."

"அது என்ன தாள்னு தெரிஞ்சு போட்டீங்களா பாய்?"

"முதலாளி போடச் சொன்னார், போட்டேன்."

"முயலே இல்லாம முயலுக்கு ஜுரம் பார்த்த தாள் அது. முயலை நேத்து தோப்புல நீங்களும் நானும் தின்னுட்டோம்."

காஜா மைதீனின் முகம் கோணியது. "ஆட்டுக்குட்டின்னாரே" என்றார். வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் உதவிக்கு வர மாட்டேன் சிஸ்டர். எனக்குப் பொண்ணுங்க மூணு. ஆனா கதவைச் சாத்திப் பூட்டிட்டுப் போறேன். சாவியைக் காணோம்னு ரெண்டு மணி வரைக்கும் தேடறேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தபோது எழுபது, எண்பது பாட்டில்தான் பாக்கி. தர்மராஜ் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அவருக்குப் பின்னால் மற்ற ஒன்பது பெண்களும் வந்து நின்றார்கள். அவர் கத்துவார் என்று வியாகுலம்மாள் எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். உள்ளே ஈ ஒன்று மிதந்தது. சுண்டுவிரலை விட்டு அதை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"தண்ணி அப்படியேதானே இருக்கு?" என்றார். "மூடிதானே போச்சு. புது மூடி ஸ்டோர்ல இருக்கு. வீராயி, எல்லாரையும் கூப்பிடு. மறுபடி மூடி போட்டு இன்னொரு தரம் வேகவச்சு எடுத்துடுங்க. லாரி காலையில எட்டு மணிக்குத்தான் வருது."

வீராயி அவருடைய வேட்டியில் ஒட்டியிருந்த ஈயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையிலிருந்த பாட்டிலை மரியாதையாக வாங்கினாள். மூடி போடத்தான் வாங்குகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கிடங்கு மூலையில் இருந்த சாக்கடைத் துவாரத்துக்குப் போய் அதைக் கவிழ்த்தாள்.

"என்ன பண்றே?"

"இதை என்னால தொட முடியலை முதலாளி. உவ்வேங்குது" என்றாள் வீராயி. அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

மற்றவர்களும் எடுத்தார்கள். அவர் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். வேலை போய்விடும் என்றார். தீபாவளிப் புடவையைச் சொல்லிக்காட்டினார். குளுக்கோஸ் தண்ணீர் துவாரத்தில் இறங்க மாட்டாமல் தரையெங்கும் பரவி, பிசுபிசுவென்று பாதத்தில் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசை கட்டியது. அதில் கால் வைக்க மனமில்லாமல் தர்மராஜ் வாசலிலேயே நின்றார்.

அன்று சாயந்திரமே வியாகுலம்மாள், ஆபிதா, அழகம்மாள் மூன்று பேருக்கும் வேலை போனது. மறுநாள் காலையில் வந்த லாரி காலியாகத் திரும்பிப் போனது. வியாகுலம்மாள் தங்கை வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து மருந்துச் சோதனை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். மாசியிலிருந்து போன பாட்டில்களின் எண்களை நினைவிலிருந்து எழுதி, அந்தத் தாள்களில் இருப்பது தன் கையெழுத்துதான் என்றும் எழுதினாள். தங்கை அதைப் படித்துவிட்டு, "உன்னையே நீ காட்டிக் கொடுக்கிறியே அக்கா" என்று அழுதாள்.

ஒன்றரை மாதம் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். அதற்குள் தர்மராஜ் தொட்டியைத் தேய்த்துக் கழுவியிருந்தார். ஆனால் முயல் கொட்டகையில் முயல் இல்லை. மருதையைக் கேட்டபோது அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கம்பெனி மூன்று மாதம் மூடிக்கிடந்தது. வெளியே போன பாட்டில்களில் மிச்சமிருந்ததைத் திருப்பி வாங்கினார்கள். கையெழுத்துக்காக வியாகுலம்மாளைக் கூப்பிட்டு இரண்டு நாள் விசாரித்தார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பிரசவ வார்டு சிநேகிதியை அவள் தேடிப்போனபோது, அவள் மாற்றலாகிப் போயிருந்தாள். அந்தப் பெண்ணின் பெயர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வெளியாளுக்கு உரிமையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த மூன்று மாதமும் வீராயி உறையூர் கடைத்தெருவில் கருவாடு விற்றாள். ஒருநாள் வியாகுலம்மாள் அந்தப் பக்கம் போனபோது, கூட்டத்துக்கு நடுவில், "போ, போ, நல்லா இருப்பே" என்று வயிற்றெரிச்சலோடு கையை ஆட்டினாள். வியாகுலம்மாள் நின்று கேட்டுக்கொண்டாள்.

ஐப்பசியில் காஜா மைதீன் பாலக்கரைக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"கம்பெனி திறந்துட்டாங்க சிஸ்டர். எவர்சில்வர் தொட்டி போட்டிருக்கு. பொறுப்பான ஆள் இருந்தாத்தான் லைசென்ஸ்னு சொல்லிட்டாங்க. முதலாளி உங்களைக் கூப்பிடறார்."

"அவர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வரும் பாய்."

"தெரியும். இன்னொரு ஆளைப் பேசி வச்சிருக்கார். நீங்க இல்லைன்னா அவன்தான். நீட்டின எடத்துல கையெழுத்துப் போடற ஆளு." காஜா மைதீன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னை மாதிரி."

இரண்டு நாள் அவள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நேரே ஆபீஸ் அறைக்குப் போய், உட்காராமல் நின்றபடியே பேசினாள். தொட்டி அறைச் சாவியும் முயல் கொட்டகைச் சாவியும் தன்னிடம் இருக்க வேண்டும். ஊசி போடும்போது தான் பக்கத்தில் இருப்பாள். ஆபிதாவையும் அழகம்மாளையும் திரும்பச் சேர்க்க வேண்டும். தன் அனுமதி இல்லாமல் முதலாளி கண்ணாடி அறைப் பக்கம் வரக்கூடாது. தர்மராஜ் ஒவ்வொன்றுக்கும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டரம்மா."

"வச்சுக்குவேன்" என்றாள் அவள். "வச்சுக்கிட்டுத்தான் வேலை பார்ப்பேன்."

அந்தக் கம்பெனியில் இன்னும் ஏழு வருஷம் இருந்தாள். அவர் கையால் கொடுத்த எதையும் சாப்பிடவில்லை. அவர் எதிரே வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். எத்தனை வருஷம் போனாலும் அந்தக் குமட்டல் குறையவில்லை. அது குறைந்துவிட்டால் தானும் அவரைப்போல ஆகிவிடுவோமோ என்று ஒரு பயம் அவளுக்கு இருந்தது. அந்த ஏழு வருஷத்தில் முப்பத்தெட்டு முறை போட்ட பாட்டில்கள் முயலில் தேறவில்லை. முப்பத்தெட்டையும் தன் முன்னாலேயே சாக்கடையில் ஊற்றச் சொன்னாள்.

வீராயி முதல் மாதம் அவளோடு பேசவில்லை. வேலையை மட்டும் பார்த்தாள். இரண்டாவது மாதம் ஒருநாள், கழுவும் தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே, "சிஸ்டர், இந்தத் தண்ணி வாடை அடிக்கிற மாதிரி இருக்கு. வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். வியாகுலம்மாள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. இருந்தும் இரண்டு பேருமாகச் சேர்ந்து தொட்டியைச் சாய்த்து, எல்லாத் தண்ணீரையும் கொட்டினார்கள்.